வெல்லம் போட்ட தொன்னை

"டப்பாவ மொதல்ல அடுப்பங்கரைய உட்டு வெளிய எடு! இந்த ஊட்டு வாசப்படிய மீனு தாண்டுனதே கெடையாது, தெரியுமாடா ஒனக்கு?"

"மீனு எங்கங்கம்மா இருக்குது? எண்ணெய்தானுங்க. அதும் மாத்திரைக்குள்ள இருக்குது."

"மீன உருக்காம எண்ணெய் எங்கிருந்து வந்துச்சு? பலா மரத்துல பால் வடியற மாதிரி வடிஞ்சுதா?"

"அம்மா சொல்றது செரிதான். அதுக்குத்தான் நான் ஆளி விதை வாங்கியாந்தேன்."

"நீ கம்முனு இரு யமுனா. ஆளி விதை எண்ணெய எங்க பட்டறையில லாரிப் பலகைக்குப் பளபளப்புக்குப் பூசறாங்க. அப்பாவுக்கு என்ன பாலீசா போடப் போற?"

"மீன உருக்கி ஊத்தறதுக்குப் பாலீசே மேலு!"

நான் அப்போது எங்கள் களத்தில் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே குச்சிக்கிழங்குக் குச்சிகளை நட்ட வேலி ஒன்று உண்டு. அது மாட்டுக்கு வேலி. பேச்சுக்கு வேலி இல்லை. மிளகைக் கிளறக் கிளற நான் வேலியோரமாகவே நகர்ந்து போனதை என் வீட்டுக்காரர் சென்றாயன் பார்த்துவிட்டு, "மொளகு அங்க காயுலயா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் வெயில் நன்றாக விழுகிறது என்று சொன்னேன். மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் அந்த மாசியில் காலை பத்து மணி வரைக்கும் பனிமூட்டம். வெயில் எந்தப் பக்கமும் விழவில்லை.

சண்டை போட்டவர்களைச் சொல்லிவிடுகிறேன். குரல் ஓங்கிக் கேட்டது மாராயி அண்ணி. மீன் எண்ணெய் மாத்திரை கொண்டுவந்தது அவள் மகன் தமிழ்செல்வன். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பற்றவைப்பு வேலை. ஆளி விதைக்காரி மகள் யமுனா. ராசிபுரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தவள், வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். இத்தனை கூச்சலுக்கும் காரணமான ஆள் வாசலில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாசாமி அண்ணன். தனக்கும் அந்தச் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத மாதிரி முகம்.

அப்பாசாமி அண்ணனுக்கு நோய் வரும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கொப்பை விட்டு வெட்டிய ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்து, உச்சியில் படர்ந்த மிளகுக் கொடிவரைக்கும் போய், இடுப்பில் கட்டிய சாக்கு நிறைந்தால்தான் இறங்குவார். கீழே நிற்கிறவர்களோடு மேலேயிருந்தே ஊர் நாயம் பேசுவார். யார் வீட்டில் என்ன குழம்பு என்று புகையை வைத்துச் சொல்வார். இந்த விஷயத்தில் எனக்கே அவர் மேல் கொஞ்சம் பொறாமை.

அந்த மாசியில்தான் ஒருநாள் பாதி ஏணியில் நின்றுவிட்டார். பேச்சு வரவில்லை. நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்ததாம். இறங்கி வந்து வேரில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது, அதுவும் அந்தக் குளிரில். அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது. தமிழ்செல்வன் விடவில்லை, நாமக்கல்லுக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"கொழுப்பாமா ருக்கு. ரத்தத்துலயாம்," என்றாள் மாராயி அண்ணி என்னிடம். அவமானம் தாங்கவில்லை அவளுக்கு. "சாமச் சோறும் அவரக் கொழம்பும் தின்ன ஒடம்பு. எங்கிருந்து வந்துச்சாம் கொழுப்பு?"

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சந்தைக்குப் போகும்போதெல்லாம் சோளக்காட்டு ஓட்டலில் அண்ணன் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, பன்றிக்கறிச் சாற்றை மேலே ஊற்றச் சொல்லி, "இன்னுஞ் சித்த எண்ணெய் தெளிவா ஊத்து சாமி" என்று கேட்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். சாமை தின்ற உடம்புதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் தின்றது மட்டும்தான் சாமை.

டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி சோற்றுக்கு அப்புறம் ஒன்று, விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டதற்கு அண்ணன் இல்லை என்று தலையை ஆட்ட, "அப்ப மீன் எண்ணெய் மாத்திரையோ ஆளி விதையோ ஏதோ ஒண்ணு சேர்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த 'ஏதோ ஒண்ணு'தான் வீட்டை இரண்டாக்கியது. பட்டறை மேஸ்திரி மீன் எண்ணெய் தின்று தேறியதாகச் சொல்லி மகன் டப்பா வாங்கினான். நாட்டு மருந்துக் கடையில் மகள் விதை வாங்கினாள்.

மீன் ஏன் கூடாது என்பதைச் சொன்னால்தான் மாராயி அண்ணியின் கூச்சலுக்கு நியாயம் தெரியும்.

கோவிலூரில் அறப்பளீசுவரர் கோவிலுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆற்றில் மீன்கள் உண்டு. அவற்றை யாரும் பிடிப்பதில்லை. பொரியும் கடலையும் போட்டுக் கும்பிட்டுவிட்டு வருவோம். சாமியே மீனாக நீந்துகிறது என்பது மலையில் பிறந்த எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டுகிற சங்கதி. ஆனால் ஆற்று மீனைத்தான் தொடமாட்டோமே தவிர, சந்தையில் கருவாடு வந்தால் விடமாட்டோம். அப்பாசாமி அண்ணன் வீட்டில் மட்டும் கருவாட்டு வாசனையே ஆகாது. அவர் நடை பழகிய வயதில், ஆடித் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவி அந்த ஆற்றில் விழுந்துவிட்டார். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய், கீழே ஒரு பாறை இடுக்கில் செருகி வைத்திருந்தது. எடுத்தபோது பிள்ளையைச் சுற்றி மீன்கள் மொய்த்துக்கொண்டு, தலை தண்ணீருக்குள் போகாதபடி முட்டுக் கொடுத்திருந்தன என்று அவர் அம்மா சாகிற வரைக்கும் சொன்னார். முட்டுக் கொடுத்தது பாறை என்று என் மாமியார் சாகிற வரைக்கும் சொன்னார். எப்படியோ, அன்றைக்கு அந்த அம்மா தண்ணீரில் நின்று, 'இனி என் வம்சத்தில் மீன் தொடமாட்டோம்' என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சொல்லை அந்த வீட்டில் வந்து சேர்ந்த மாராயி அண்ணி, பிறந்தவர்களைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எது உசுரு குடுத்துச்சோ அதையே உருக்கி அந்த உசுருக்கு ஊத்தச் சொல்றயா?" இதுதான் அவள் மகனிடம் கேட்டது. "இது கடல் மீனுங்கம்மா, நம்ம ஆத்து மீனில்ல" என்றான் தமிழ்செல்வன்.

"கடலுக்கு நம்ம ஆறு போகாம அந்தரத்துலயா போகுது?"

எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற காலம் அது. காட்டுக்குக் காடு ஆள் நின்று, வேரோடு செடியைப் பற்றி ஆட்டி இழுத்து, மண்ணைத் தட்டி, ஜவ்வரிசி மில்லுக்கு லாரி ஏற்றுகிற நேரம். கையில் வேலை, வாயில் அப்பாசாமி அண்ணனின் ரத்தம். மீன் கட்சி ஒரு பக்கம், விதைக் கட்சி ஒரு பக்கம். வெள்ளைப்பூண்டு போதும் என்று காளியண்ணன் தனிக் கட்சி. ஆளி விதையை முழுசாகத் தின்றால் உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும், பொடி பண்ணித்தான் தின்ன வேண்டும் என்று யமுனா சொன்னதைக் கேட்டு, "அப்ப வெதச்ச எடத்துல மொளைக்குமா சாமி?" என்று ஒருத்தி கேட்க, கிழங்குக் காடே சிரித்தது.

சிரிப்பு சிரிப்பாக இருக்க, உள்ளே ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. இது பிற்பாடு வெளியே வந்த சங்கதிதான். வயிற்றில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை மாத்திரையை அண்ணன் ஒன்றுகூடத் தின்னவில்லை.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. இரண்டில் எது என்று சந்தேகம் வந்துவிட்டால், சாமியிடம் கேட்கிற வரைக்கும் இரண்டையும் தொடக்கூடாது. அதைச் சேர்ந்த எதையும் தொடங்கக்கூடாது. எந்தக் காட்டில் சாமை, எந்தக் காட்டில் தினை என்று முடிவாகாவிட்டால் கலப்பையே வெளியே வராது. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டால் இரண்டு பேருக்கும் வெற்றிலை கொடுக்கமாட்டோம். மருந்தையும் அண்ணனும் அண்ணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார்கள். மூன்றும் ஒரே டாக்டர் வாயிலிருந்து வந்த ஒரே வைத்தியம். அதில் ஒரு பாதி முடிவாகாதபோது மறு பாதியை எப்படித் தொடங்குவது? மாத்திரை அட்டையை மாராயி அண்ணி சேலை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள். தின்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். கட்சி கட்டியதில் அதைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

நடுவில் அண்ணனுக்கு மறுபடியும் இரண்டு தரம் நெஞ்சு பிடித்தது. வெளியே சொல்லவில்லை. ஏணியை மட்டும் மரத்தைவிட்டு எடுத்துப் படுக்க வைத்துவிட்டார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது. மிளகு பழுத்து உதிர்கிற நேரத்தில் அப்பாசாமி அண்ணனின் ஏணி படுத்துக் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

அண்ணிதான் முடிவுக்கு வந்தாள். "கேட்டுரலாங்க."

"பூப் போட்டுக் கேக்கறதா?" என்றார் அண்ணன்.

"பூக் கேட்டா அம்மனைக் கேக்கணும். இது மீனு சங்கதி. மீனையே கேப்போம். ரெண்டு தொன்னை. ஒண்ணுல இது, ஒண்ணுல அது. தண்ணியில உடுவோம்."

"தின்னா நமக்குச் சம்மதம்னு அர்த்தம்," என்றான் தமிழ்செல்வன் அவசரமாக.

"தின்னா அது தனக்கு எடுத்துக்கிச்சுன்னு அர்த்தம்டா. அப்பறம் நீ எப்படித் தொடுவ?" என்றாள் அண்ணி.

இதற்கு ஒரு பொழுது முழுக்க வாக்குவாதம். வேலியோரம் என் மிளகு கருகிப்போகிற அளவுக்குக் காய்ந்துவிட்டது. கடைசியில் அண்ணன் வாயைத் திறந்தார். "எத மீனு திங்குதோ அது அவங்களுது. நாம தொடவேண்டாம். எத உட்டுதோ, அது நமக்கு உட்டுக் குடுத்தது. இதுக்கு மேல யாரும் பேசக்கூடாது."

அமாவாசையன்று காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. எனக்குக் கோவிலில் ஒரு பழைய வேண்டுதல் இருந்தது நினைவுக்கு வந்தது. என்ன வேண்டுதல் என்று சென்றாயன் கேட்டார். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவரும் கூட வந்தார்.

கிளம்புகிற நேரத்தில் தயிர் உறை வாங்குகிற சாக்கில் அவர்கள் அடுப்பங்கரைக்குள் போனேன். மாராயி அண்ணி முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு தொன்னைகளையும் நிரப்பிக்கொண்டிருந்தாள். பலா இலைத் தொன்னை. மீன் எண்ணெய் மாத்திரை இருந்த தொன்னையில் பொரி, பொட்டுக்கடலை, அதன் மேலே அச்சுவெல்லத்தைத் தட்டித் தட்டிப் போட்டாள். ஒரு அச்சு முழுக்க. ஆளி விதைத் தொன்னையிலும் பொரிதான்; ஆனால் அதன் மேலே தூவியது கறுப்பாக இருந்தது. எனக்குத் தும்மல் வந்துவிட்டது. எங்கள் மலை மிளகை எங்கே பொடித்தாலும் என் மூக்குக்குத் தெரியும்.

அண்ணி திரும்பிப் பார்த்தாள். நான் தொன்னைகளைப் பார்த்தேன். மீன்கள் இனிப்பைத் தின்று மீன் எண்ணெயைத் தங்களுடையதாக்கிக்கொள்ள வேண்டும். காரத்தை விட்டுவிட்டு ஆளி விதையை நமக்குத் தர வேண்டும். சாமிக்கே வழி காட்டிவிடுகிற ஏற்பாடு. அவள் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்கு ஒரு முழம் கூடியது.

"ஒறை சட்டியில இருக்குது, எடுத்துக்க ருக்கு," என்றாள்.

"வெல்லம் பத்துமா அண்ணி?" என்றேன்.

"எடுத்துக்கிட்டுப் போடி!"

சோளக்காட்டில் பஸ் மாறிக் கோவிலூரில் இறங்கியபோது பனி இன்னும் விலகவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு, எல்லோரும் பொரி போடுகிற இடத்தைத் தாண்டி, கொஞ்சம் மேலே பாறைகளுக்கு நடுவில் இறங்கினோம். சரிவு சறுக்கியது. அண்ணன் இறங்கும்போதே நின்று நின்று மூச்சு வாங்கினார். கீழே சேர்ந்ததும் தண்ணீருக்குள் காலை விட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்ததை நான் குளிர் என்று நினைத்தேன்.

தண்ணீர் அங்கே ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. இரண்டு பக்கமும் மரம் கவிந்து, அடியிலிருக்கிற கூழாங்கல் கறுப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்தபிறகுதான் அது கல் இல்லை, மீன்களின் முதுகு என்று தெரிந்தது. கை நீளத்துக்கு, தொடை பருமனுக்கு. ஒன்றும் அசையவில்லை. எல்லாம் ஒரே திசையில் தலையை வைத்துக் காத்திருந்தன. எத்தனையோ தரம் பொரி போட்டிருக்கிறேன், கூட்டத்தில், கூச்சலில். இப்படி யாரும் பேசாமல் நின்று அவற்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கே வாயைத் திறக்கத் தோன்றவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாராயி அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கி இரண்டு தொன்னைகளையும் ஒரே நேரத்தில் விட்டாள்.

ஆளி விதைத் தொன்னை ஒரு முழ தூரம்கூடப் போகவில்லை. அடியிலிருந்து ஒன்று எழும்பி அதை முட்டியது. அவ்வளவுதான். தண்ணீர் கொதித்த மாதிரி ஆயிற்று. வாயும் வாலுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மிளகும் பொரியும் விதையும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தின்றன. இலையைக்கூட இழுத்துக்கொண்டு போயின. எங்கள் முகத்திலெல்லாம் தண்ணீர் தெறித்தது.

யமுனா, "ஐயோ" என்றாள், மெதுவாக.

மற்றொரு தொன்னை ஆற்றின் நடுவுக்குப் போயிருந்தது. வெல்லம் கரைந்து பாகு ஒழுகுவது எனக்குத் தெரிந்தது. மீன்கள் அந்தப் பக்கம் திரும்பின. போயின. தொன்னைக்குக் கீழே வந்து நின்றன. ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. தொன்னை சுற்ற ஆரம்பித்தது. மெல்லச் சுற்றிச் சுற்றி, ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, கரையைப் பார்த்து வந்தது. அதற்குக் கீழே மீன்களும் கூடவே வந்தன, ஊர்வலத்துக்கு வருகிற மாதிரி. நேராக வந்து அப்பாசாமி அண்ணனின் முழங்காலில் தட்டி நின்றது. உள்ளே அந்த மாத்திரைகள், ஈரத்தில் பொன் நிறத்தில், ஒன்றும் குறையாமல் இருந்தன. மீன்கள் அவர் காலைச் சுற்றி நின்றன.

அது நீர்ச்சுழி என்று சென்றாயன் பிற்பாடு சொன்னார். தன் இனத்து எண்ணெய் வாசனை பிடிக்காமல் தின்னாமல் விட்டிருக்கும் என்றும் சொன்னார். இருக்கலாம். வீட்டுக்கு வந்தபிறகு எனக்கும் அப்படிச் சொல்ல வாய் வந்தது. அந்த இடத்தில் நின்றபோது அவருக்கும் வாய் வரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் சத்தம் வந்தது மாராயி அண்ணியிடமிருந்துதான்.

"மொளகு போட்டதத் தின்னுட்டு, வெல்லம் போட்டத உட்டுருச்சே!" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, ஆற்றைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு அச்சு வெல்லம் போட்டனே! முழு அச்சு!"

"என்னங்கம்மா சொல்றீங்க?" என்றான் தமிழ்செல்வன்.

"நான் ஏமாத்தப் பாத்தன்டா சாமி. அவங்களையே ஏமாத்தப் பாத்தன். அப்பவும் பாரு, கொண்டாந்து உங்கப்பன் காலடியில வெச்சுட்டுப் போறாங்க. அன்னிக்கு ஒருவாட்டி குடுத்தாங்க. இது ரெண்டாவது வாட்டி."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்று, கை நெஞ்சுக்குப் போனது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தமிழ்செல்வன் பாய்ந்து பிடித்தான். அப்போதுதான் யமுனா அழுதுகொண்டே, "ராத்திரி மாத்திரை தின்னீங்களாப்பா? தின்னீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்காம எப்படிடி தொடங்கறது?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. இத்தனை நாளாக இடுப்பில் சுமந்தது என்ன என்று தெரிந்த முகம்.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிற காரியம். தொன்னையை எடுத்தாள். அதிலிருந்து ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரைச் சுற்றிப் போகிறவள், ஆற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்து அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு மீன்களைப் பார்த்து, "சொல்லு கெட்டதுக்குத் தண்டனை இருந்தா மொதல்ல எனக்கு வரட்டும். அவுரு எனக்குப் பின்னாலதான் திங்கறாரு," என்றாள். அதன் பிறகுதான் அவருக்கு ஒன்றைக் கொடுத்தாள். முடிச்சை அவிழ்த்து வெள்ளை மாத்திரையையும் கொடுத்தாள்.

"இனி நான் ஆயுசுக்கும் வெல்லம் தொடமாட்டன். சக்கரையும் தொடமாட்டன்," என்றாள். மீன் விரதத்துக்குப் பதில் அது. யாரும் கேட்கவில்லை. அவளாகவே பேசி, அவளாகவே முடித்துக்கொண்டாள்.

தமிழ்செல்வனும் சென்றாயனும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். மில்லுக்குக் கிழங்கு ஏற்றிப் போன லாரி ஒன்றை மறித்து, டிரைவர் பக்கத்தில் படுக்க வைத்து, மலைப்பாதை வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரன் அடித்தான். ஒவ்வொரு ஹாரனுக்கும் அண்ணி கும்பிட்டாளாம். இதை நான் பார்க்கவில்லை. லாரியில் எனக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்றுவரைக்கும் அது எனக்கு ஒரு குறை.

நாமக்கல்லில் ஊசி போட்டு நிறுத்தி, சேலத்துக்கு அனுப்பி, நெஞ்சு ரத்தக் குழாய் அடைப்பில் கம்பி வலை வைத்தார்கள். மாத்திரையை ஏன் தொடங்கவில்லை என்று டாக்டர் கேட்டதற்குத் தமிழ்செல்வன் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டான். டாக்டர் திட்டப் போகிறார் என்று பயந்தான். அவரோ, "தம்பி, வெள்ளை மாத்திரைதான் மாப்பிள்ளை. மீன் எண்ணெயும் ஆளி விதையும் மாப்பிள்ளைத் தோழன். தோழன் யாருன்னு சண்டை போட்டுக்கிட்டு மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீங்களே" என்றாராம். "ஒங்களுக்கு எது இஷ்டமோ அதத் தின்னுங்க. ரெண்டும் இல்லாட்டியும் பரவால்ல. இத மட்டும் உடாதீங்க."

ஊரில் இதைச் சொன்னதும், "அப்ப மீனு சொன்னது பொய்யா?" என்று காளியண்ணன் கேட்டான். மாராயி அண்ணி நிதானமாகப் பதில் சொன்னாள். "அன்னிக்கு ஆத்துக்குப் போகலீன்னா முடிச்ச எப்ப அவுத்திருப்பேன்? ஆத்துக்குக் கூப்ட்டது ஆரு?"

அண்ணன் மீன் எண்ணெய் மாத்திரையும் தின்றார். கிடைத்ததை மறுப்பது மரியாதையில்லை என்று. ஒவ்வொரு தரமும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார். புரோட்டாவை விட்டார். ஏணியில் ஏறவில்லை, கீழே நின்று, மேலே ஏறியவர்களுக்கு யோசனை சொல்லிக் கொன்றார். ஆளி விதையை அந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள் என்பதால் மிச்சம் எனக்கு வந்தது. வறுத்துப் பொடித்துச் சென்றாயனுக்குக் களியில் போட்டேன். கொஞ்சம் உரக்குழிப் பக்கம் சிந்தி, மழைக்கு முளைத்து, மார்கழியில் நீலமாகப் பூத்தது. அவ்வளவு சின்னப் பூவில் அவ்வளவு நீலம். விதைத்த இடத்தில் முளைக்குமா என்று கிழங்குக் காட்டில் கேட்டவளைக் கூட்டிவந்து காட்டினேன்.

அதற்கு முன்பே, வைகாசியில் யமுனா கல்யாணம் நடந்தது. அப்பாசாமி அண்ணன் பந்தலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கவியரசன், புளியஞ்சோலைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். பந்தியில் பாயசம் ஊற்றியது மாராயி அண்ணி. ருசி பார்க்கச் சொல்லி யார் யாரையோ கூப்பிட்டாள். கரண்டியை ஒருதரம்கூடத் தன் வாய்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தமிழ்செல்வன் பட்டறையை விட்டுத் திருப்பூருக்குப் போனான். அங்கே மேனகா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். யமுனாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மேலேயும் கீழேயும் அலைய முடியவில்லை என்று அண்ணனும் அண்ணியும் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்தார்கள். புளியஞ்சோலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுவதும் அதே ஆறுதான். கோவிலடியிலிருந்து அருவியாக விழுந்து அங்கே போகிறது. அண்ணன் சாயங்காலம் அதில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார் என்று யமுனா சொன்னாள். அங்கே மீன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம்.

அவர்கள் மூட்டை கட்டிய அன்றைக்குக் காலையில் வேலியைத் தாண்டிக் காப்பி கொண்டுபோனேன். வேண்டுமென்றே ஒரு அச்சு வெல்லமும் எடுத்துப் போனேன். மனுஷி எப்போதாவது ஒருதரம் மறப்பாளா என்று பார்க்கிற ஆசை எனக்கு விடவில்லை. அண்ணனுக்குப் போட்டுக் கலக்கினேன். அவள் டம்ளர் பக்கம் வெல்லத்தைக் கொண்டுபோனதும், மாராயி அண்ணி உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடினாள். ஆவி அவள் விரல்களுக்கு நடுவே வந்தது.

"போடாத ருக்கு," என்றாள். "அங்க பேசியாச்சு."